பதினாலு லென்ஸும் ஒரு சத்தியமும்

செருப்பை வெளிய விடாத தாயி, உள்ளாற கழட்டி வை. எதுத்த வீட்டு நாய் ஒத்தச் செருப்பா பாத்துத் தூக்கிட்டுப் போகும். உக்காரு. ஃபேன் போடவா? தென்காசியில இருந்து பஸ்ஸுலயா வந்த? பேரு என்னன்னு சொன்ன, மதிவதனியா? பச்சப்புள்ளைகள மட்டும் போட்டோ எடுக்கிறியாமே. எம் மக முத்துச்செல்வி போன்ல சொன்னா. "அம்மா, மேக்ரோ லென்ஸ் கேட்டு ஒரு பொண்ணு வரும், அதையாவது விரட்டிராத"ன்னு. நான் யாரையும் விரட்டலைம்மா. அவ அப்படித்தான் பேசுவா. ஓசூர்ல உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல விளம்பரம் போட்டுட்டா போதுமா? வாரவுகளுக்கெல்லாம் காபி போடுறது யாரு?

அவுக இல்ல. சங்கரன்கோவில்ல ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பு, போட்டோ எடுக்கப் போயிருக்காக. சாயந்தரம்தான் வருவாக. நீ கேட்ட லென்ஸு, அந்தப் பொடிசைப் பெரிசாக் காட்டுறது, இருக்கு, எங்கயும் போகலை. எடுத்துத் தாரேன். மொதல்ல இந்தத் தண்ணியைக் குடி.

எம் பேரு சண்முகக்கனி. அவுக பேரு தங்கப்பழம். கல்யாணப் பத்திரிகை அடிச்ச பிரஸ்காரரு, "கனியும் பழமும் சேருது, தாம்பாளத்துல வேற ஒண்ணும் வைக்க வேண்டாம்"னு சிரிச்சாராம். இருபத்தாறு வருசம் ஆச்சு. தாலி கட்டுற நேரத்துலகூட அவுக என்னையப் பாக்கலை. போட்டோக்காரரைப் பாத்து, "ரெண்டு எட்டு பின்னால போங்க, மாலை வெட்டுப்படுது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. எங்கப்பாரு அப்பவே முழிச்சாரு. நான்தான், தொழில்ல கவனமா இருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்.

நான் வரும்போது ஒரே கேமரா, ஒரே லென்ஸு. அதை வெச்சுத்தான் கோவில்பட்டியில பாதிக் கல்யாணத்தை எடுத்தாக. யாரும் ஒரு குறை சொன்னதில்ல. மூணாம் வருசம் இன்னொண்ணு வாங்குனாக. மண்டபத்துல பந்தி முழுசும் ஒரே படத்துல விழணுமாம். சரின்னேன். அடுத்து தூரத்துல இருந்து எடுக்க ஒண்ணு. அது முழங்கை நீளம் இருக்கும். அதை மாடிக்குக் கொண்டு போயி, கதிரேசன் மலையில குரங்கு என்ன திங்குதுன்னு பாத்துச் சொன்னாக. பொரிகடலையாம். அது எங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அப்புறம் மொகத்துக்குன்னு ஒண்ணு, இருட்டுக்குன்னு ஒண்ணு. மீன் கண்ணு மாதிரி முட்டைக் கண்ணு லென்ஸு ஒண்ணு. அதுல எந் தம்பி வேல்சாமியைக் கிட்டக்க நிக்க வெச்சு எடுத்தாக. பூசணிக்காய்க்கு மீசை ஒட்டுன மாதிரி வந்துச்சு. அதைக் கழுவி, பெரிசு பண்ணி, ஸ்டூடியோ வாசல்ல வேற மாட்டி வெச்சாக. தம்பி ஒரு வருசம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கலை.

ஒவ்வொண்ணு வாங்கும்போதும் ஒரே பேச்சுத்தான். "கனி, இது ஒண்ணுதான் பாக்கி. இதோட செட்டு முடிஞ்சுது." நானும் நம்புவேன். அட்டைப்பெட்டியைப் பிரிச்சு, அந்த வெள்ளை நுரைக்குள்ள இருந்து தூக்கும்போது அவுக மொகத்தைப் பாக்கணுமே. எம் மக பொறந்தப்போ நர்சம்மா கையில இருந்து அப்படி வாங்கலை. அஞ்சாறு மாசம் ஒரு தொந்தரவும் இருக்காது. திடீர்னு ஒருநாள் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "கனி, ஒரு சின்ன சங்கடம் இருக்கு"ன்னு ஆரம்பிப்பாக. எனக்குப் புரிஞ்சு போகும். அப்பளத்தை எடுத்து உள்ள வெச்சுருவேன்.

ஒருதடவை நான் கேட்டேன். "ஒத்த அரிவாமனையை வெச்சு நான் எல்லாக் காயும் வெட்டுறேன்ல? வெண்டக்காய்க்கு ஒண்ணு, வாழக்காய்க்கு ஒண்ணுன்னா கேக்கிறேன்?" அவுக எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி, எங் கரண்டியெல்லாம் எடுத்துத் தரையில பரப்பி எண்ணுனாக. இருபத்தி மூணு. "இதுக்கு என்ன சொல்ற?"ன்னாக. அது வேறம்மா. தோசைத் திருப்பியால ரசம் ஊத்த முடியுமா? எண்ணெய்க் கரண்டி வேற, நெய்க் கரண்டி வேற. அப்பளம் எடுக்கிற கம்பி வேற. இருபத்தி மூணும் தேவைக்கு இருக்கு. போன மாசம் முறுக்குச் சட்டிக்கு ஒண்ணு வாங்குனேன், அதோட இருபத்தி நாலு. இனிமே கரண்டியே வேண்டாம். லென்ஸ் அப்படியா? அது பைத்தியம்.

சரி, அதை விடு. வாங்குனதுக்கு அப்புறம் அதுகளைப் பாத்துக்கிறது யாரு? நான்தான். கார்த்திகை மழையில லென்ஸுக்குள்ள பூசணம் பூத்துரும், தெரியும்ல உனக்கு? அதுக்காக எங் காத்துப் போகாத அரிசி டப்பாவைக் குடுத்தேன். அரிசி சாக்குலயே கெடந்துச்சு. புதுச் செருப்புப் பெட்டிக்குள்ள சின்னதா ஒரு பொட்டலம் கெடக்குமே, திங்காதேன்னு இங்கிலீசுல எழுதி, ஈரத்தை உறிஞ்சுறதுக்கு? இந்தத் தெருவுல யாரு செருப்பு வாங்குனாலும், பை வாங்குனாலும் அந்தப் பொட்டலம் எங்கிட்ட வந்துரும். சில பேரு நான் அதைத் திங்கிறேன்னே நெனச்சுக்கிட்டு இருந்தாக. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் எடுத்து வெயில் படாம காத்தாட வெப்பேன். மெத்துன்னு ஒரு துணி வெச்சிருக்கேன், அதாலதான் தொடைப்பேன். சரஸ்வதி பூசைக்கு மூடி மேலதான் பொட்டு வெப்பேன், கண்ணாடியில வைக்க மாட்டேன். ஒரு வருசம் மட்டும் மறந்துபோயி கண்ணாடியில சந்தனத்தை வெச்சுட்டேன். அன்னைக்கு அவுக அழுதாக. நெசமாவே.

பதினாலாவது வந்தப்போ எனக்குப் பொறுமை போச்சு. போன வருசம் ஆவணி. ரெண்டு நாள் நான் சாப்பிடலை. சாப்பிடலைன்னா, அவுக பாக்கச் சாப்பிடலை. மூணாம் நாள் கழுகுமலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, முருகன் சன்னதியில நிறுத்தி, கற்பூரத்தை ஏத்தச் சொன்னேன். அவுக சும்மா, "இனிமே லென்ஸ் வாங்க மாட்டேன்"னு சொல்லிட்டு கையை எடுக்கப் பாத்தாக. நான் விடுவேனா? இருபத்தஞ்சு வருசமா அந்த ஆளோட குடும்பம் பண்றேன், எந்தச் சந்துல நுழைவாகன்னு எனக்குத் தெரியாதா? "வாங்க மாட்டேன், வாங்கச் சொல்ல மாட்டேன், கடன் கேட்டு வாங்கிட்டு வர மாட்டேன், ஓசியில குடுத்தாலும் தொட மாட்டேன், செத்தவுக வீட்டுல இருந்து வந்தாலும் எடுக்க மாட்டேன், எந்த ரூபத்துலயும் எனக்கு இனிமே லென்ஸு வேண்டாம்." அம்புட்டையும் சொல்ல வெச்சேன். ஐயரு தட்டோட நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. "அம்மா, வக்கீலாம்மா?"ன்னாரு.

வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்குனேன். கார்த்திகை பொறந்துச்சு. அவுக ஒருநாள் மெதுவா வந்து, "கனி, அந்தப் பெரிய லென்ஸு மங்கலாத் தெரியுது"ன்னாக.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லு. சத்தியம் பண்ணி மூணு மாசம் ஆகலை, அதுக்குள்ள தொடங்கியாச்சேன்னு நெனச்சேன். எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். பளிங்கு மாதிரி இருக்கு. "நல்லாத்தான் இருக்கு"ன்னேன். அடுத்த வாரம், "மொகத்துக்கு எடுக்கிற லென்ஸும் மங்குது"ன்னாக. அப்புறம் அடுத்தது. தை மாசம் வர்றதுக்குள்ள பதினாலும் மங்கிருச்சுன்னு சொல்றாக. நான் வேல்சாமிக்கிட்ட குடுத்து மதுரையில ஒரு மெக்கானிக்குக்கு அனுப்புனேன். அந்த ஆளு எல்லாத்தையும் பாத்துட்டு என்ன சொன்னாராம் தெரியுமா? "இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிற லென்ஸை நான் தொழிலுக்கு வந்ததுல இருந்து பாத்ததில்ல. யாரு வெச்சிருக்கிறது?"ன்னு கேட்டாராம். தம்பி, "எங்க அக்கா"ன்னு சொன்னானாம். அதைத் தெருவுல எல்லாருக்கும் சொன்னேன்.

அவுகளுக்கும் சொன்னேன். கொஞ்சம் கூடுதலாவே சொன்னேன். "லென்ஸு மேல பழி போட்டு புதுசு வாங்கலாம்னு பாக்கிறியளோ, முருகன் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு"ன்னேன். அவுக கையில இருந்த லென்ஸை ஒரு தடவை பாத்தாக, சன்னலைப் பாத்தாக, வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. பதினாலும் எப்படி ஒரே சமயத்துல மங்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாத்துக்கோ. பொய்யி சொல்றாகன்னு மட்டும்தான் தோணுச்சு.

காபி போடட்டுமா? பாலு இருக்கு. சரி, இருந்து குடிச்சுட்டே போ. பேச்சுல விட்டுரப் போறேன், அந்தக் கல்யாணத்தைச் சொல்லணும்ல.

தை கடைசியில, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருத்தரு வீட்டுக் கல்யாணம். பெரிய எடம். அப்படி ஒரு வேலை கெடைச்சா அடுத்த ரெண்டு வருசத்துக்கு வேலை தானா வரும். காலையில பொண்ணை அலங்காரம் பண்ணி உக்கார வெச்சு, முகூர்த்தத்துக்கு முன்னாடி தனியா எடுப்பாகள்ல, அதுக்கு மாடி ரூமுக்குப் போயிருக்காக. அங்க அரக்குப் பட்டு கட்டி, நகை போட்டு, ஒரு பொண்ணு கண்ணாடி முன்னால உக்காந்திருக்கு. இவுக ஆரம்பிச்சுட்டாக. "தலையைக் கொஞ்சம் குனிங்கம்மா, வெக்கப்படுங்கம்மா, வளையலைத் தொடுங்கம்மா." ஒரு மணி நேரம். நூத்துக்கு மேல படம். அந்தப் பொண்ணும் ஒண்ணும் சொல்லலை. குனியச் சொன்னாக் குனிஞ்சுச்சு, வெக்கப்படச் சொன்னா வெக்கப்பட்டுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு அந்த முதலாளி ஸ்டூடியோவுக்கு வந்தாரு. நானும் அங்கதான் இருந்தேன். மேசையில படங்களைப் பரப்புனாரு. சத்தம் போடலை, பெரிய மனுசன். "அண்ணாச்சி, படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது எம் மூத்த மக. இவளுக்குக் கல்யாணம் ஆகி ஒம்பது வருசம் ஆச்சு. ரெண்டு புள்ளைக இருக்கு"ன்னாரு.

பொண்ணு பக்கத்து ரூம்ல உக்காந்து, போட்டோக்காரரைக் காணோமேன்னு காத்துக் கெடந்திருக்கு. அக்காகாரி ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு, "என் கல்யாணத்துல யாரும் என்னைய இப்படி எடுக்கலைப்பா"ன்னு சொல்லிச்சாம். பாவம்தான். அதுக்காக? முதலாளி கடைசியில அந்தப் படத்தையும் சேத்தே ஆல்பம் போடச் சொல்லிட்டாரு, அது வேற விசயம். ஆனா ஊரு பூரா பேச்சாயிருச்சு. என்னால மண்டபத்துப் பக்கம் போக முடியலை. வேணும்னே பண்ணியிருக்காக, புது லென்ஸு வாங்கிக் குடுக்கலைன்னு எங்கிட்ட காட்டுறாகன்னு நெனச்சேன். அஞ்சு நாள் பேசலை. என்ன வேணும்னாலும் செவுத்தைப் பாத்துத்தான் சொல்லுவேன்.

அப்ப எங்க சித்தி மக வீட்டு விசேசம், சாத்தூருக்குப் போகணும். பேசாமயே கெளம்புனோம். பஸ் ஸ்டாண்டுல என்னைய நிறுத்திட்டு, கடலைமிட்டாய் வாங்கப் போனாக. நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். எனக்கு ரெண்டு எட்டு முன்னாடி இன்னொரு பொம்பளை, அதுவும் பச்சைச் சேலை. அவ சேலை வேற பச்சை, கிளிப்பச்சை. என்னுது ராமர் பச்சை. கூட்டத்துல வந்தாக, நேரா அவ பக்கத்துல போயி நின்னாக. நான் கூப்பிட வாயெடுத்தேன். அதுக்குள்ள அவகிட்டப் பேச ஆரம்பிச்சுட்டாக.

"கனி, இந்தா, உனக்குப் புடிச்ச மிட்டாய். நீ பேச வேண்டாம், கேட்டுக்கோ போதும். அந்தக் கல்யாணத்துல நான் வேணும்னு பண்ணலை. லென்ஸு வாங்கணும்னும் இல்ல. கேமரா வழியாப் பாத்தாலும் மங்கலா இருக்கு, சும்மா பாத்தாலும் மங்கலா இருக்கு. நாப்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் இப்படித்தான்னு இருந்தேன். இப்போ பயமா இருக்கு கனி. எனக்கு வேற தொழில் தெரியாது."

நான் பின்னால நிக்கிறேன். அந்தப் பொம்பளை நல்லவ. பதறலை, கத்தலை. மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில வாங்கிக்கிட்டு, "அண்ணாச்சி, நான் கயத்தாறு. உங்க வீட்டுக்காரி நான் இல்ல. நீங்க மொதல்ல கண்ணு டாக்டரைப் பாருங்க"ன்னா. இவுக அப்படியே நின்னாக. நான் போயி கையைப் புடிச்சேன். சாத்தூருக்குப் போகலை. எதிர்ப்பக்கம் நின்ன திருநெல்வேலி பஸ்ஸுல ஏறிட்டோம். மிட்டாயை அந்தப் பொம்பளைகிட்டயே விட்டுட்டோம்.

கண்ணு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாக, மிசின்ல பாத்தாக. "ரெண்டு கண்ணுலயும் புரை. இவ்வளவு முத்துற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டாக. மதுரைக்கு லென்ஸ் அனுப்பிக்கிட்டு இருந்தோம்னு எப்படிச் சொல்ல? "ஒண்ணும் பயமில்ல. உள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப்போச்சு. அதை எடுத்துட்டு புது லென்ஸ் வெக்கணும்"னாக.

அவுக நிமிந்து உக்காந்தாக. "வேண்டாம் டாக்டர்"னாக.

"பத்து நிமிஷ வேலைங்க. பயப்படாதீங்க."

"பயம் இல்ல. சத்தியம் பண்ணியிருக்கேன்."

டாக்டரம்மா என்னையப் பாத்தாக. எனக்கு எங்கயாவது ஓடிரலாம்னு இருந்துச்சு. கழுகுமலை, கற்பூரம், எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு நர்சுப் புள்ளைக வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போச்சுதுக. டாக்டரம்மா, "இது வாங்குறது இல்லைங்க, நாங்கதான் வெக்கிறோம்"னாக. அவுக, "ஓசியில குடுத்தாலும்னு இவ சேத்துச் சொல்ல வெச்சிருக்கா டாக்டர். எந்த ரூபத்துலயும்னு வேற இருக்கு"ன்னாக. பழிவாங்குறாகன்னு நெனைக்காத. நெசமாவே சொன்னாக. அவுக சத்தியத்துக்குப் பயந்தவுக. பாரு, பதினாலு லென்ஸ் வாங்குனவுக, நான் வெச்ச சத்தியத்துக்கு அப்புறம் ஒரு மூடிகூட வாங்கலை.

மறுநாள் விடிஞ்சதும் நான் மட்டும் கழுகுமலைக்குப் போனேன். அதே ஐயரு. "முருகா, நான்தான் தெரியாம இறுக்கிக் கட்டிட்டேன். கொஞ்சம் தளத்திவிடு. ரெண்டே ரெண்டு. அதுவும் உள்ள வெக்கிறது, கேமராவுக்கு இல்ல"ன்னு கேட்டேன். ஐயரு விபூதி குடுத்துட்டு, "இந்தத் தடவை தெளிவா எண்ணிக்கை சொன்னீங்க"ன்னாரு.

விடுதலை கெடைச்சதும் அவுக வேற ஆளாயிட்டாக. டாக்டரம்மாவைப் புடிச்சுக்கிட்டாக. "டாக்டர், இது ஒரே தூரத்துக்கா, ஜூமா? ஓரத்துல கோணுமா? மேல பூச்சு உண்டா? எதிர் வெளிச்சத்துல கலங்குமா?" வெளிய நாப்பது பேரு உக்காந்திருக்காக. டாக்டரம்மா பொறுமையா, "தூரத்துக்கு மட்டும் ஒண்ணு இருக்கு, கிட்டக்கவும் தூரமும் சேத்து ஒண்ணு இருக்கு"ன்னாக. அவுக ஒரு நாள் பூரா யோசிச்சு, "ஒரே தூரம்தான் சுத்தமா இருக்கும், ஜூம்ல எப்பவும் கொஞ்சம் சமாளிப்பு இருக்கும்"னு முடிவு பண்ணுனாக. கடைசியா ஒண்ணு கேட்டாக. "உள்ள இருக்கிற பழசை எங்கிட்ட குடுத்துருவீகளா?" அதை உள்ளயே ஒடைச்சு உறிஞ்சி எடுத்துருவாகளாம். அதைக் கேட்டு அவுகளுக்கு மொகமே வாடிப்போச்சு.

ஆபரேசனுக்கு மொத நாள் சாயந்தரம், ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தோம். நான் கோவமில்லாமக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. எத்தனை இருந்தா உங்க செட்டு முடியும்? ஒவ்வொரு தடவையும் ஏன் எங்கிட்ட பொய் சொன்னிய?"

"பொய் சொல்லலை கனி. ஒவ்வொண்ணையும் வாங்கும்போது நெசமாவே முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். அதை மாட்டிப் பாத்ததுக்கு அப்புறம்தான், இன்னும் எது தெரியலைங்கிறது தெரியுது"ன்னாக. பதினாலு தடவையும் ஏமாத்துனாகன்னு நெனச்சிருந்தேன். பதினாலு தடவையும் அவுகளே ஏமாந்திருக்காக. பன்னு வாங்கிக் குடுத்தேன், சாப்பிட்டாக.

கட்டு பிரிச்சாக. என்னையப் பாத்து மொத வார்த்தை என்ன சொல்லணும் ஒரு மனுசன்? "கனி, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"ன்னாக. டாக்டரம்மா, நர்சு, வேல்சாமி எல்லாரும் நிக்கிறாக. ரெண்டு வருசமா அவுக கண்ணுக்கு நான் கருகருன்னு இருந்திருக்கேன் பாத்துக்கோ. இன்னொரு மாசம் தள்ளிப் போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, ரெண்டு வருசமா எடுத்த ஆல்பத்தையெல்லாம் பாத்தாக. பாத்துட்டுத் தலையில கையை வெச்சு உக்காந்துட்டாக. எல்லாரும் நீலமா இருக்காக. மாப்பிள்ளை நீலம், பொண்ணு நீலம், இட்லிகூட லேசா நீலம். புரையினால எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சிருக்கு, அதைச் சரி பண்றேன்னு கம்ப்யூட்டர்ல நீலத்தை ஏத்தி ஏத்தி வெச்சிருக்காக. அவுக நேர்மையான ஆளு. வீடு வீடாப் போயி, "கண்ணு கோளாறுல தப்பு நடந்துபோச்சு, புதுசாப் போட்டுத் தாரேன்"னு சொன்னாக. ஒருத்தரும் ஆல்பத்தைத் திருப்பிக் குடுக்கலைம்மா. இதுதான் அண்ணாச்சி அழகு, வெளியூரு ஸ்டூடியோவுல எங்கயும் இந்தக் கலரு வரலைன்னு சொல்லிட்டாக. ராஜபாளையத்துல இருந்து ஒரு பார்ட்டி, அந்த ஆல்பத்தைப் பாத்துட்டு அதே மாதிரிதான் வேணும்னு வந்துச்சு. "அது புரைங்க"ன்னு இவுக சொல்றாக. "அந்தப் புரை கலருதான் வேணும், என்ன ஆனாலும் சரி"ன்னு அவரு சொல்றாரு. இப்போ உக்காந்து, கண்ணு தெரியாதப்போ என்ன நீலம் போட்டோம்னு அளவு தேடிக்கிட்டு இருக்காக.

அதுக்கு அப்புறம்தான் அவுகளே சொன்னாக. "கனி, கண்ணு நல்லா இருந்தா கேமராவுக்கு ஒண்ணு ரெண்டு போதும். மிச்சத்தை வித்துரலாம்." நான் அன்னைக்கே முத்துச்செல்விக்குப் போன் போட்டு விளம்பரம் போடச் சொல்லிட்டேன். எனக்கு எப்படா வீடு காலியாகும்னு இருக்கு. நீ எட்டாவது ஆளு. ஏழு பேரு வந்தாக, ஒண்ணும் அமையலை. தூத்துக்குடிக்காரரு ஒருத்தரு, கடலுக்குப் பக்கத்து வீடு. உப்புக் காத்து, அங்க எப்படி அனுப்ப? இன்னொருத்தன் கண்ணாடியைச் சட்டை நுனியால தொடைக்கிறான். காபியைக் குடுத்து அனுப்பிட்டேன். ஒருத்தரு ஒரு கையால தூக்குறாரு. ஒருத்தரு வீட்டுல பூனை. மக, நான்தான் வாரவுகள விரட்டுறேங்கிறா. வாரவுக சரியில்லைன்னா நான் என்ன பண்றது? அவுகளுக்குத்தான் குடுக்க மனசு வரலைன்னு நெனைக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டாக, அவ்வளவுதான்.

இந்தா, இதுதான் நீ கேட்டது. ரெண்டு கையாலயும் வாங்குன பாரு, சந்தோசம். மூடியைத் தெறந்து பாரு. தூசி இருக்கா? இருக்காது. இதுலதான் முத்துச்செல்வி பொறந்தநாள் மோதிரத்தை எடுத்தாக, ஒரு எறும்பு அதுல ஏறிச்சு, அது மீசைகூடத் தெரிஞ்சுச்சு. நீ எதை எடுப்ப? புள்ளைக நகத்தையா? அஞ்சு நாள் புள்ளையோட நகம் எம்புட்டு இருக்கும், அதுவும் விழுமா இதுல?

எங்க வெப்ப இதை? தென்காசியில சாரல் காலத்துல செவுரே வேர்க்குமே. டப்பா இருக்கா? பிளாஸ்டிக் டப்பாவா? மூடி இறுக்கமா? பொட்டலம் போடுவியா? எத்தனை நாளைக்கு ஒருதடவை மாத்துவ? ...

நீ நல்ல பொண்ணுதான். உன்மேல குறை இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. விக்க வேண்டாம்னு தோணுது. இரு, எந்திரிக்காத, முழுசாக் கேளு. நீ எடுத்துட்டுப் போ. உனக்கு எத்தனை புள்ளைக எடுக்கணுமோ எடு. ஆனி, ஆடி சாரல் தொடங்குறதுக்கு முன்னால கொண்டாந்து குடுத்துரு. அந்த ரெண்டு மாசம் இங்க இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன். சாரல் முடிஞ்சதும் திரும்ப வந்து எடுத்துட்டுப் போ. காசு கீசுன்னு பேசாத. வரும்போது பழைய குத்தாலத்துப் பக்கம் நல்ல நார்த்தங்காய் கெடைச்சாக் கொண்டா.

அவுககிட்ட என்ன சொல்லன்னுதான் யோசிக்கிறேன். வித்துட்டேன்னு சொன்னா, டப்பாவுல எடம் காலியா இருக்குன்னு சங்கரன்கோவில் பஸ்ஸுல இருந்து எறங்குன கையோட இன்னொண்ணு பாக்க ஆரம்பிச்சுருவாக. முருகன்கிட்ட ரெண்டுதான் கேட்டிருக்கேன். அந்த எடத்துல ஒரு எவர்சில்வர் தம்ளரைத் துணி சுத்தி வெச்சா, போன வருசம்னா தெரிஞ்சிருக்காது. இப்போ எங்க? வாசல்ல நின்னே கண்டுபுடிச்சுருவாக.